வயிற்றுப்போக்கே இல்லாத குழந்தைக்குச் சீலியாக் நோயா?

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. இரண்டு ஆண்டுகளாக உயரம் சரியாகக் கூடவில்லை. இரத்தசோகை என்று ஓராண்டாக இரும்புச்சத்து மருந்து கொடுத்தும் பலன் இல்லை. வயிற்றுப்போக்கோ வாந்தியோ ஒருநாளும் இருந்ததில்லை. மாலை நேரத்தில் வயிறு உப்பிக்கொள்ளும், அவ்வளவுதான். இரத்தப் பரிசோதனையில் டிடிஜி என்ற எதிர்ப்பொருளின் அளவு இயல்பின் மேல்வரம்பைப் போல நான்கு மடங்கு இருந்தது. எண்டோஸ்கோப்பி செய்து, குடலிலிருந்து திசு எடுத்துப் பார்த்து, ‘சீலியாக் நோய், மார்ஷ் 3-பி’ என்று அறிக்கை கொடுத்திருக்கிறார்கள். கோதுமையால் குடல் சிதையும் நோயாம்; வாழ்நாள் முழுவதும் கோதுமை கூடாதாம். ஓடியாடித் திரிகிற குழந்தையின் குடல் சிதைந்திருக்கிறது என்பதை என்னால் நம்ப முடியவில்லை. சிதைந்தது மறுபடி வளருமா? வளர்ந்த பிறகு எப்போதாவது கொஞ்சம் கோதுமை கொடுத்தால் என்ன? ஆறாவது மாதத்திலேயே கோதுமைக் கஞ்சி கொடுத்ததுதான் காரணம் என்று என் தாயார் சொல்ல, என் மனைவி அழுதுகொண்டே இருக்கிறாள். நான்கு வயதில் ஒரு மகனும் இருக்கிறான். அவனுக்கும் இப்போதே கோதுமையை நிறுத்திவிடலாமா?

- ஒரு தந்தை

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

முதலில் இந்தப் பத்தியை உங்கள் மனைவியிடம் படிக்கக் கொடுங்கள். ஆறாவது மாதத்தில் கோதுமை கொடுத்ததால் இந்த நோய் வரவில்லை. உங்கள் தாயாருக்கு எழுந்த சந்தேகம் மருத்துவர்களுக்கும் நெடுங்காலம் இருந்தது. அதைத் தீர்ப்பதற்காகவே, மரபுவழியில் சீலியாக் வரும் வாய்ப்புள்ள நூற்றுக்கணக்கான குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே தொடர்ந்து கவனித்தார்கள். 2014-இல் வெளியான இரண்டு பெரிய ஐரோப்பிய ஆய்வுகள் இதற்கு விடை சொல்லிவிட்டன. நான்காவது மாதத்திலேயே சிறிதளவு கொடுத்துப் பழக்கியும் நோயைத் தடுக்க முடியவில்லை. ஓராண்டு நிறையும்வரை கொடுக்காமல் இருந்தும் தடுக்க முடியவில்லை. நோய் வெளிப்படுவது கொஞ்சம் தாமதமானது, அவ்வளவுதான். எத்தனை மாதம் தாய்ப்பால் கொடுத்தார்கள் என்பதும் எந்த மாற்றத்தையும் தரவில்லை. உங்கள் மனைவி செய்ததில் பிழை எதுவும் இல்லை. வீட்டில் இனி யாரும் அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று நீங்கள்தான் உறுதியாகச் சொல்ல வேண்டும்.

இந்த நோய்க்கு இடம் கொடுப்பவை டிகியூ2, டிகியூ8 என்ற இரண்டு மரபணு வகைகள். சீலியாக் நோயாளிகளில் ஏறக்குறைய எல்லாரிடமும் இவற்றில் ஒன்றாவது இருக்கும். ஆனால் உலக மக்களில் மூன்றில் ஒரு பங்கினரிடம் இவை இருக்கின்றன. நோய் வருவதோ ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்குத்தான். மரபணு உள்ளவர்களில் சிலரை மட்டும் நோய் பிடிப்பதற்கு முழுமையான விளக்கம் மருத்துவத்தில் இன்னும் கிடைக்கவில்லை. அப்படியிருக்க, ஒரு தாயின் தலையில் பழியைப் போடுவது எந்த வகையில் நியாயம்?

இனி உங்கள் முதல் கேள்வி. குழந்தை ஓடியாடுகிறாள், வயிற்றுப்போக்கு இல்லை, பிறகு எப்படிக் குடல் சிதைந்திருக்கும்? இந்த நோயில் உள்ளே நடப்பதும் வெளியே தெரிவதும் ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயமே இல்லை. நீங்கள் கேட்டிருக்கும் மற்றக் கேள்விகளுக்கும் இதுவே அடிப்படை. அதனால் குடலின் உட்பரப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

சிறுகுடலின் உட்புறம் வழவழப்பான குழாய் அன்று. அதில் மடிப்புகள் உண்டு. மடிப்புகளின்மேல் நெருக்கமாகக் குடலுறிஞ்சிகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் உயரம். ஒவ்வோர் உறிஞ்சியையும் ஒரே ஒரு வரிசைச் செல்கள் போர்த்தியிருக்கும். அந்தச் செல்களின் மேல்முனையிலும் இன்னும் நுண்ணிய உறிஞ்சிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். உணவு இரத்தத்துக்குள் போகும் வாசல் இதுதான். மடிப்பு, உறிஞ்சி, நுண்ணுறிஞ்சி என்று அடுக்கடுக்காக இருப்பதால், வெறும் குழாயாக இருந்திருந்தால் கிடைத்திருக்கும் பரப்பைவிடப் பல மடங்கு பரப்பு கிடைக்கிறது. வளரும் குழந்தைக்கு அந்தப் பரப்பு முழுவதும் தேவை.

உறிஞ்சிகளின் அடிவாரத்தில் சிறு குழிகள் இருக்கின்றன. அவைதாம் நாற்றங்கால். புதிய செல்கள் அங்கே பிறந்து, மெல்ல மேலே நகர்ந்து, உச்சியை அடைந்ததும் உதிர்ந்துவிடுகின்றன. இந்தப் பயணத்துக்கு மூன்று முதல் ஐந்து நாட்கள் ஆகும். அதாவது, நல்ல உடல்நிலையில் உள்ள குழந்தையின் குடல் போர்வை ஒரு வாரத்துக்குள் முழுவதும் புதிதாகிவிடுகிறது. ‘சிதைந்தது வளருமா’ என்ற உங்கள் கேள்விக்கான விடையின் பாதி இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதத் தொகுதியைத்தான் குளூட்டன் என்கிறோம். அதில் குளூட்டமின், புரோலின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் அளவுக்கு மீறி இருப்பதால், மனிதருடைய செரிமான நொதிகளால் அதை முழுவதும் அறுத்துப் பிரிக்க முடிவதில்லை. நம் எல்லாருடைய குடலிலும் அதன் நீண்ட துண்டுகள் சில மிஞ்சத்தான் செய்கின்றன. பெரும்பாலோருக்கு அதனால் ஒரு தீங்கும் இல்லை. உங்கள் மகளைப் போன்றவர்களுக்கு அந்தத் துண்டுகள் குடல் சுவரின் உள்ளடுக்குக்குப் போய்ச் சேர்ந்ததும் சிக்கல் தொடங்குகிறது. அங்கே டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதி இருக்கிறது. காயம் ஆறுவதற்கு உதவுகிற, எல்லாரிடமும் உள்ள நொதிதான் அது. குளூட்டன் துண்டில் இருக்கும் குளூட்டமினை அது குளூட்டமிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. இப்படி மாறிய துண்டு, டிகியூ2 அல்லது டிகியூ8 உள்ளவர்களின் நோய் எதிர்ப்புச் செல்களில் கச்சிதமாகப் போய்ப் பொருந்துகிறது. உடனே டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் விழித்துக்கொண்டு அழற்சியைக் கிளப்புகின்றன. உடல் தன்னுடைய நொதிக்கு எதிராகவே எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. இரத்தப் பரிசோதனையில் நான்கு மடங்கு என்று வந்ததே, அது இந்த எதிர்ப்பொருளின் அளவுதான். இந்த நொதியே இலக்கு என்பதை 1997-இல் கண்டுபிடித்த பிறகுதான் சீலியாக் நோயைக் கண்டறிவது இவ்வளவு எளிதாயிற்று.

இதற்கிடையே, போர்வைச் செல்களுக்கு நடுவில் காவலுக்கு நிற்கும் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் பெருகி, பக்கத்தில் இருக்கும் செல்களையே கொல்லத் தொடங்குகின்றன. உச்சியில் செல்கள் வேகமாகச் சாகின்றன. ஈடுகட்டுவதற்காக அடிக்குழிகள் இரவு பகலாகப் புதிய செல்களை உற்பத்தி செய்து ஆழமாகிக்கொண்டே போகின்றன. ஒரு கட்டத்தில் இழப்பு உற்பத்தியை மிஞ்சிவிடுகிறது. உறிஞ்சிகள் குட்டையாகி, அகன்று, கடைசியில் தரைமட்டமாகின்றன.

உங்கள் கையில் இருக்கும் அறிக்கை இந்தப் படிகளைத்தான் சொல்கிறது. மைக்கேல் மார்ஷ் என்பவர் 1992-இல் வகுத்த வரிசை அது. 3-ஆம் நிலையை ஏ, பி, சி என்று பிரித்தது 1999-இல். லிம்போசைட்டுகள் மட்டும் கூடியிருந்தால் முதல் நிலை. நூறு போர்வைச் செல்களுக்கு 25-க்கு மேல் போனால் கூடுதல் என்று கொள்கிறோம். குழிகளும் ஆழமாகியிருந்தால் இரண்டாம் நிலை. உறிஞ்சிகளே குறைந்துவிட்டால் மூன்றாம் நிலை. அதில் ஏ என்றால் ஓரளவு குறைவு, பி என்றால் பெருமளவு குறைவு, சி என்றால் முற்றிலும் தட்டை. நலமான குடலில் உறிஞ்சியின் உயரம் குழியின் ஆழத்தைப் போல மூன்று மடங்காவது இருக்கும். 3-பி என்று எழுதப்படும் துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்தால், அந்த விகிதம் தலைகீழாகியிருக்கும்: மேலே மேடும் பள்ளமுமாக மொட்டையான விளிம்பு, கீழே நீண்டு இறங்கிய குழிகள், அவற்றில் பிரிந்துகொண்டிருக்கும் இளஞ்செல்கள், போர்வை முழுவதும் கரும்புள்ளிகளாக லிம்போசைட்டுகள். எண்டோஸ்கோப்பியில் நேரடியாகப் பார்க்கும்போதும் பல குழந்தைகளுக்கு மடிப்புகளின் ஓரம் கடித்தெடுத்தாற்போல் தெரியும். சிலருக்குக் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. சிதைவு திட்டுத்திட்டாகவும் இருக்கக்கூடும். அதனால்தான் ஓர் இடத்தில் மட்டும் எடுக்காமல், முன்சிறுகுடலின் தொடக்கத்தில் குறைந்தது ஒன்று, அதைத் தாண்டிக் குறைந்தது நான்கு என்று பல துணுக்குகள் எடுப்பது முறை.

இவ்வளவு நடந்திருந்தும் ஏன் வயிற்றுப்போக்கு இல்லை? சிதைவு பொதுவாகச் சிறுகுடலின் மேற்பகுதியில்தான் கடுமையாக இருக்கும். கீழே பல அடி நீளத்துக்கு நல்ல குடல் மிச்சமிருக்கிறது. மேலே உறிஞ்சாமல் விட்டதைக் கீழ்ப்பகுதி எடுத்துக்கொள்கிறது; பெருங்குடல் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. ஆகவே மலம் இறுகியே இருக்கும். மலச்சிக்கலோடு வரும் சீலியாக் குழந்தைகளும் உண்டு. ஆனால் இரும்புச்சத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. அது முதன்மையாக உறிஞ்சப்படுவது முன்சிறுகுடலில், அதாவது சரியாகச் சேதம் நடந்த இடத்தில். ஓராண்டு மருந்து கொடுத்தும் ஏறாததற்குக் காரணம் மருந்து அன்று. அதை உள்ளே வாங்கும் பரப்பு இல்லை. மாலையில் வயிறு உப்புவதும் இதன் தொடர்ச்சிதான். பால் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி உறிஞ்சிகளின் மேல்பகுதியில் உள்ள முதிர்ந்த செல்களில் இருக்கிறது. உறிஞ்சி குட்டையானால் அந்த நொதியும் குறையும். செரிக்காத சர்க்கரை கீழே போய்ப் புளித்து வாயுவாகிறது. வளர்ச்சி தடைபடுவதற்குச் சத்துக் குறைவோடு ஓயாத அழற்சியும் சேர்ந்துகொள்கிறது. கால்சியமும் வைட்டமின் டி-யும் குறைவதால் எலும்பும் தேய்கிறது. அவளுடைய நிலைப்பற்களின் எனாமலில் குழியோ கோடோ இருக்கிறதா என்று ஒரு பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இந்த நோயில் அது அடிக்கடி கவனிக்காமல் விடப்படும் அடையாளம்.

இப்போது நல்ல செய்தி. சண்டை நடப்பதெல்லாம் மேலே. அடிக்குழிகளில் உள்ள மூலச்செல்கள் அழிவதில்லை. குளூட்டன் வருவது நின்றுவிட்டால் டி செல்களைத் தூண்டுவதற்கு ஆள் இல்லை. கொலை நிற்கிறது, குழிகள் அனுப்பும் புதிய செல்கள் உயிரோடு உச்சிவரை போய்ச் சேர்கின்றன. குழந்தைகளுக்கு இது பெரியவர்களைவிட நன்றாகவே நடக்கிறது. சாப்பாட்டு ஆசையும் உற்சாகமும் சில வாரங்களிலேயே திரும்புவதைப் பார்ப்பீர்கள். எடை முதலில் ஏறும். உயரம் அதற்குப் பின்னால் வரும், அதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள்கூட ஆகலாம், அவசரப்படாதீர்கள். டிடிஜி அளவு மாதக்கணக்கில் மெதுவாக இறங்கும். உறிஞ்சிகள் முழு உயரம் பெறுவதற்கு ஓராண்டோ இரண்டாண்டோ பிடிக்கும். செல்கள் ஐந்து நாளில் மாறும்போது, ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்பீர்கள். செல் மட்டும் மாறினால் போதாது. அடியில் உள்ள அழற்சி தணிந்து, உறிஞ்சியின் உள்தண்டும் இரத்தக்குழாய்களும் திரும்ப எழ வேண்டும்.

இரும்புச்சத்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள். இதுவரை பலன் தராத அதே மருந்து இனிமேல் வேலை செய்யத் தொடங்கும். பால் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சில வாரங்களுக்கு மட்டும் குறைத்து, பிறகு மறுபடி கொடுங்கள். பாலை ஒரேயடியாக விலக்கி அவளுடைய கால்சியத்துக்கு உலை வைத்துவிடக் கூடாது.

‘எப்போதாவது கொஞ்சம்’ என்ற கேள்விக்கு என் பதில் ஒரே சொல்: கூடாது. இதில் நான் கறாராகவே இருப்பேன்.

இந்த நோய்க்குக் கோதுமைதான் காரணம் என்று நிறுவியவர் டச்சுக் குழந்தை மருத்துவர் வில்லெம் கரேல் டிக்கே. 1930-களிலேயே அவருக்கு அந்த ஐயம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் போரினால் நெதர்லாந்தில் கடும் பஞ்சம், ரொட்டி அரிதாயிற்று. ஊரே பட்டினியில் வாடியபோது, சீலியாக் குழந்தைகள் மோசமாகவில்லை. ரொட்டி திரும்பி வந்ததும் அவர்களுக்கு நோயும் திரும்பியது. 1950-இல் அவர் எழுதிய ஆய்வேடு இந்த நோயின் சிகிச்சையையே மாற்றிவிட்டது. தேறிய குழந்தைக்கு மறுபடி கோதுமை கொடுத்தால் என்ன ஆகும் என்பது, பாருங்கள், அன்றைக்கே தெரிந்துவிட்டது. டி செல்களுக்கு நினைவு உண்டு. ஒருமுறை குளூட்டனை எதிரியாக அடையாளம் கண்டுகொண்ட செல்கள், எத்தனை ஆண்டுகள் கழித்து வந்தாலும் அதை மறப்பதில்லை. பதின்பருவத்தில் அறிகுறிகள் தாமாகவே மட்டுப்படுவதும் உண்டு. அதைப் பார்த்து, வளர்ந்ததும் நோய் போய்விடும் என்று ஒருகாலத்தில் மருத்துவர்களே நம்பினார்கள். அந்தப் பிள்ளைகளின் குடலைப் பார்த்தபோது சிதைவு அப்படியே இருந்தது.

‘கொஞ்சம்’ என்பதன் அளவையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ரொட்டித் துண்டில் ஏறத்தாழ 2 கிராம் குளூட்டன் இருக்கும். 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், குணமடைந்த பெரியவர்களுக்கு நாள்தோறும் 50 மில்லிகிராம் மட்டும் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். உறிஞ்சிகள் குட்டையாவதற்கு அதுவே போதுமானதாக இருந்தது. அந்த ரொட்டித் துண்டை நாற்பதாகப் பிய்த்தால் அதில் ஒரு பங்குதான் அது! நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் பெரும்பாலோருக்குத் தீங்கு நேர்வதில்லை. உணவுப் பொட்டலங்களில் ‘குளூட்டன் இல்லாதது’ என்று போடுவதற்குச் சர்வதேச வரம்பு, கிலோவுக்கு 20 மில்லிகிராம். அந்த வரம்புக்கு உட்பட்டதைத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் ‘கோதுமை இல்லை’ என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது; பார்லியும், பார்லியிலிருந்து வரும் மால்ட்டும் ஒளிந்திருக்கக்கூடும். ஓட்ஸில் இயல்பாகக் குளூட்டன் இல்லை என்றாலும், பெரும்பாலும் கோதுமை கலந்துவிடுவதால் முதல் சில மாதங்கள் தவிர்ப்பதே நல்லது. பிறகு மருத்துவரைக் கேட்டு, தூய்மையானது என்று சான்று பெற்றதை மட்டும் கொடுக்கலாம். அரிசியும் சோளமும் தம்மளவில் பாதுகாப்பானவை. கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில் அரைத்த மாவு அப்படியன்று. குழந்தைகள் பிசைந்து விளையாடும் வண்ணமாவு பலவற்றில் கோதுமை மாவு இருக்கிறது. தொட்டால் ஒன்றும் ஆகாது, விழுங்கினால்தான் ஆபத்து. ஆனால் ஏழு வயதுக் குழந்தையின் விரல் வாய்க்குப் போகாமல் இருக்குமா? விளையாடியதும் சோப்புப் போட்டுக் கைகழுவச் சொல்லுங்கள்.

இவையெல்லாம் படிக்கும்போது மலைப்பாக இருக்கும். சில மாதங்களில் பழகிவிடும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அவளிடம் மறைக்காதீர்கள். ஏழு வயதில் காரணம் சொன்னால் புரியும். தன்னுடைய உணவு எது, யாராவது எதையாவது நீட்டினால் என்ன கேட்க வேண்டும் என்று அவளுக்கே தெரிந்திருப்பது, எந்நேரமும் நீங்கள் காவல் இருப்பதைவிட மேலானது. தவறி எப்போதாவது சாப்பிட்டுவிட்டால் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை சொல்லமாட்டாள்; நமக்கும் தெரியாமல் போய்விடும். ஒருமுறை நேர்ந்த தவறைக் குடல் ஆற்றிக்கொள்ளும்.

மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் டிடிஜி, ஹீமோகுளோபின் அளவு, ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), வைட்டமின் டி, உயரம், எடை எல்லாவற்றையும் மறுபடி பாருங்கள். தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. இந்த நோயோடு சேர்ந்து வரக்கூடியது அது. டிடிஜி படிப்படியாக இறங்கி, அவளும் வளர்ந்துகொண்டிருந்தால், திசுப் பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டிய தேவை குழந்தைகளுக்குப் பொதுவாக இல்லை. டிடிஜி இறங்கவே இல்லை என்றால், எங்கோ குளூட்டன் நுழைகிறது என்று பொருள். உணவியல் நிபுணரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேட வேண்டும்.

உங்கள் மகனுக்கு வருகிறேன். சீலியாக் குழந்தையின் உடன்பிறந்தோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு நோய் இருக்கக்கூடும். அவர்களில் பலருக்கு அறிகுறியே இருக்காது. அவன் நன்றாகத்தான் இருக்கிறான் என்று விட்டுவிட வேண்டாம், ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் வகையை அளக்கும் டிடிஜி ஐஜிஏ பரிசோதனையைச் செய்துவிடுங்கள். அதோடு மொத்த ஐஜிஏ அளவையும் சேர்த்துக் கேளுங்கள். ஐஜிஏ பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு டிடிஜி பொய்யாக இயல்பு என்று வந்துவிடும். நீங்களும் உங்கள் மனைவியும்கூடச் செய்துகொள்ளுங்கள். இயல்பாக வந்தால் அதோடு முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அவனுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, அல்லது வளர்ச்சி குன்றினாலோ இரத்தசோகை வந்தாலோ உடனே, மறுபடி பார்க்க வேண்டும். மரபணுப் பரிசோதனை வசதி இருந்து, டிகியூ2, டிகியூ8 இரண்டும் இல்லை என்று வந்தால், இந்தத் தொடர் பரிசோதனையே அவனுக்குத் தேவைப்படாது.

இரத்தம் எடுக்கும் நாள்வரை, ஒருவேளை திசுப் பரிசோதனை தேவைப்பட்டால் அதுவும் முடியும்வரை, அவனுக்குக் கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் எதிர்ப்பொருள் இறங்கிவிடும், குடலும் ஆறத் தொடங்கிவிடும். அவனுக்கு நோய் உண்டா இல்லையா என்று பிறகு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அக்காவின் உணவை மட்டும் தனியாக வைத்துக்கொண்டு, இந்த வாரமே அவனுக்குப் பரிசோதனை செய்துவிடுங்கள்.